கை படாத சுவர்

ஜனவரி 5, திங்கள்

வண்டி வந்துவிட்டது. திரேஸ்புரத்தில் பைபர் படகு கட்டும் ஜெரோம், தீபாவளிக்குத் தருவதாகச் சொன்னதைப் பொங்கலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஏதோ அவசரப்பட்டு முடித்தவர் மாதிரி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பழைய சின்ன லாரியின் முதுகில் வெள்ளை வெளேரென்று ஒரு பைபர் கூடு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், டீ போடலாம். வடிவு கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"படகுக்குச் சக்கரம் வச்ச மாதிரில்லா இருக்கு" என்றாள். அதற்கே மூச்சு வாங்கியது. சிரித்ததால் இருக்கும்.

இந்த டைரியை எழுதத் தொடங்குவதே பயணத்துக்காகத்தான். வடிவு பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். வாய் பாடம் நடத்திக்கொண்டே இருக்கும், கை கரும்பலகையில் தமிழ்நாட்டுக் கடற்கரையை ஒரே இழுப்பில் போட்டுவிடும். அந்தக் கோட்டின் மேல் வண்டி ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. கன்னியாகுமரியில் தொடங்கிப் பழவேற்காட்டில் முடிக்க வேண்டும். நான் அனல் மின் நிலையத்துப் பராமரிப்புப் பிரிவில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் இல்லை, எங்களைப் பிடித்து வைக்க யாரும் இல்லை. ஓய்வு வந்தது, கூடவே அவளுக்கு நோயும் வந்தது. முதலில் மார்பில். இப்போது எலும்பில்.

பெரிய டாக்டரிடம் பயணத்தைப் பற்றிக் கேட்டேன். தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள், என்ன கேட்கிறார்களோ சாப்பிடக் கொடுங்கள் என்றார். மருந்தும் இனி வேண்டாம் என்றார். இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். இதுவரை கொடுத்த மருந்தில் அவள் தோல் நைந்து கிடக்கிறது, வெயில் படவே கூடாது.

ஆகவே வண்டியின் பக்கவாட்டில் ஒரு நிழல்துணி வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

ஜனவரி 6, செவ்வாய்

நிழல்துணி மாட்ட அலுமினியப் பட்டி வாங்கி வைத்திருக்கிறேன். அதன் நீளத்துக்கும் ஒரு பள்ளம் ஓடும். துணியின் விளிம்பை அதில் கோர்த்து, மறுமுனையை இரண்டு கம்புகளில் கட்டினால் கதவுக்கு முன்னால் ஒரு அறை அளவு நிழல். வடிவு நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம். பட்டியை வண்டிச் சுவரில் திருகாணி போட்டு முடுக்கத் துரப்பணத்தை எடுத்தேன். ஜெரோம் பதறிவிட்டார்.

"ஓட்ட போட்றாதிய அண்ணாச்சி! ரெண்டு தகட்டுக்கு நடுவுல வெறும் போம் பஞ்சுதான் இருக்கு. திருகாணிக்குப் பிடிமானமும் கெடையாது, தண்ணியும் உள்ள எறங்கிரும். ஊறுச்சுன்னா பொறவு மொத்தச் சுவரும் போச்சு."

"அப்ப எப்படி மாட்டுறது?"

"டேப்புதான். காருக்கெல்லாம் ஒட்டுதாகல்லா, தடியா, ரெண்டு பக்கமும் பசை. ஒழுங்கா ஒட்டுனா புடுங்க முடியாது. ஆனா சுவரு சுத்தமா இருக்கணும். அதுலதான் எல்லாரும் கோட்டை விடுவாக."

எல்லாரும் விடுவார்கள். நான் விடமாட்டேன். வேலை என்றால் வரிசைப்படி செய்து பழகியவன் நான்.

ஜனவரி 8, வியாழன்

காலையில் வழக்கம்போல வடிவுக்குக் காலில் தைலம் தேய்த்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வேலைக்கு இறங்கினேன். அவளுக்குக் கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. தைலம் தேய்த்துச் சூடு ஏற்றினால்தான் கொஞ்சம் வலி அடங்கும். வைத்தியர் தைலம். மெழுகும் நல்லெண்ணெயும் போட்டுக் காய்ச்சியது. வீடே அந்த வாசம்தான்.

முதலில் சோப்புத் தண்ணீர் போட்டுச் சுவரைக் கழுவினேன். இந்த ஊர்க் காற்றில் பாதி உப்பு. பிறகு ஒரு வாளி நல்ல தண்ணீரை வீசினேன். சுத்தமான சுவர் என்றால் தண்ணீர் பாய் விரித்த மாதிரிப் பரவி வடிய வேண்டும். இதில் முத்து முத்தாக நின்றது.

"சேம்பு இலையில நிக்கிற மாதிரி அழகா நிக்கி" என்றாள் வடிவு ஜன்னலில் இருந்து.

அழகுதான், ஆனால் அப்படி நின்றால் மெழுகு இருக்கிறது என்று அர்த்தம். ஜெரோமுக்குப் போன் போட்டேன். அச்சிலிருந்து கழன்று வர மெழுகு பூசுவார்களாம், அது மேல்தோலில் கொஞ்சம் தங்கத்தான் செய்யுமாம். இதை முன்னமே சொன்னால் என்ன குறைந்துவிடும் இந்த மனிதருக்கு?

ஜனவரி 10, சனி

பட்டி உட்காரும் இடத்துக்கு மேலும் கீழும் காகித டேப் ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்கு எல்லை கட்டினேன். மெழுகு எடுக்கும் திரவத்தால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, அதன்பிறகுதான் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் உரசினேன். வரிசை முக்கியம். முதலிலேயே உரசினால் மெழுகு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் குப்புற விழுந்து கும்பிட்டாலும் வெளியே வராது. பளபளப்புப் போய் ஒரு மங்கல் வரும்வரை உரசவேண்டும். மறுபடியும் தண்ணீர் வீசினேன். பாய் மாதிரி விரிந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வடிவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று போனால் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் நிறையத் தூங்குகிறாள். ஓய்வு நல்லதுதான்.

ஜனவரி 12, திங்கள்

கடைசித் துடைப்புக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்ற கலப்பில்லாத ஸ்பிரிட் வேண்டும். மருந்துக்கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஆல்கஹால்னா அடுத்த தெருவுல இருக்கு சார்" என்று தமாஷ் வேறு. சாதாரண ஸ்பிரிட்டை நீட்டினான். வேண்டாம் என்றேன். சில ஸ்பிரிட்டில் தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று எண்ணெய் கலந்திருப்பார்கள். ஒரு சொட்டு எண்ணெய் போதும், அத்தனை உழைப்பும் வீண். கடைசியில் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைத்தது.

துடைக்கத் துணிக்குக் கவலை இல்லை. என் பழைய வேட்டிகளைக் கிழித்து வைத்த துண்டுகள் வீட்டில் ஒரு மூட்டை இருக்கின்றன. வடிவுக்குத் தைலம் தேய்த்து முடித்ததும் கால் துடைக்க அவைதான். வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகிவிட்டன. ஒரு நூல் பிரியாது. கொடியில் வெயிலில் காய்ந்த நாலு துண்டை எடுத்துக்கொண்டேன். ஒரே திசையில் துடைக்க வேண்டும், துண்டை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அப்படியே செய்தேன். டேப்பைப் பட்டியில் ஒட்டி, பட்டியைச் சுவரில் வைத்து, பூரிக் கட்டையால் முழு நீளத்துக்கும் உருட்டி அழுத்தினேன். வடிவின் தங்கை உலகம்மாள் பூரிக் கட்டையைக் காணாமல் வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள். அக்காளைப் பார்த்துக்கொள்ள மாதக் கணக்கில் இங்கேயே இருக்கிறாள். நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம்.

பசை முழுதாகப் பிடிக்க மூன்று நாள் ஆகும். அதுவரை எடை ஏற்றக்கூடாது. பொங்கலன்று துணியை மாட்டி, மறுநாள் புறப்பாடு.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

பட்டி விழுந்துவிட்டது. துணியைக் கோர்த்ததுதான் தாமதம், ஒரு ஓரத்தில் பிரிந்து, வாழை மட்டை உரிகிற மாதிரி வழித்துக்கொண்டு வந்துவிட்டது. டேப் பட்டியில் நன்றாக ஒட்டியிருக்கிறது. சுவரில்தான் ஒட்டவில்லை.

காரணம் தெரிந்தது. உலகம்மாள் விடியற்காலையில் குளித்து முழுகி, கோலம் போட்ட கையோடு வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறாள். வைத்ததுதான் வைத்தாள், பட்டிக்கு மேலேயே வரிசையாக வைத்திருக்கிறாள். சந்தனம் வழிந்து ஓரத்தில் இறங்கியிருக்கிறது.

"வண்டிக்குப் பொங்கலன்னிக்குக்கூட பொட்டு வைக்கப்பிடாதா? இது என்ன அநியாயமா இருக்கு!" என்று அவள் கத்த, நான் கத்த, வடிவு உள்ளே இருந்து, "ரெண்டு பேரும் சத்தம் போடாதிய, பால் பொங்கிரும்" என்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது.

அவள் ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டாள். பிறகு வாந்தி.

ஜனவரி 17, சனி

பழவேற்காடு வேண்டாம் என்று முடிவு செய்தோம். சென்னையைத் தாண்டிப் போவது வீண் அலைச்சல், சாலையும் நெரிசல். கோடியக்கரை போதும். கடற்கரைக் கோடு அங்கேதான் மூக்கு மாதிரி வளைகிறது, பார்க்கவேண்டிய இடம் அதுதான் என்று வடிவே சொன்னாள்.

ஜனவரி 23, வெள்ளி

இரண்டாம் தடவை. மறுபடி உரசி, மறுபடி துடைத்து, இந்தத் தடவை ப்ரைமர் என்ற பிடிப்புத் திரவமும் பூசினேன். கைரேகைகூடப் படக்கூடாது என்று ரப்பர் கையுறை போட்டுக்கொண்டேன். பனி ஈரம் போக நன்றாக வெயில் ஏறியபிறகே ஒட்டினேன். துடைக்க அதே மூட்டைத் துண்டுகள்தான், வெளுத்துப் பெட்டியில் மடித்து வைத்திருந்தவை. சந்தனக் கிண்ணத்தைப் பரணில் போட்டுவிட்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்

விழுந்துவிட்டது.

ஜனவரி 29, வியாழன்

ஜெரோம் வந்தார். சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். பிறகு தன் பட்டறைக்குக் கூட்டிப்போய், என் கண் முன்னாலேயே அங்கே மிச்சம் கிடந்த ஒரு பைபர் துண்டை உரசி, டிஷ்யூ காகிதத்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, என் டேப்பையே ஒட்டினார். காகிதம் தூள் விடும் என்று எச்சரித்தேன். கேட்கவில்லை. இரண்டு ஆள் பிடித்து இழுத்தும் வரவில்லை.

"நான் வந்து ஒட்டித் தாரேன் அண்ணாச்சி. அரைநாள் வேலை."

வேண்டாம் என்றேன். உலகம்மாள் சமைக்கிறாள், நர்ஸ் வலிக்கு ஊசி போடுகிறாள், ஆவுடையப்பன், அதுதான் வடிவின் தம்பி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறான். அவளுக்காக நான் செய்வது காலில் தைலம் தேய்ப்பதும் இந்த நிழல் கட்டுவதும்தான். அதையும் ஆள் வைத்துச் செய்துவிட்டு நான் எதற்கு இருக்கிறேன்?

காற்றுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர் பட்டறை மூடின இடம். என் வீடு உப்பளத்துக் காற்றில் நிற்கிறது.

பிப்ரவரி 2, திங்கள்

தார்ப்பாயால் வண்டியைச் சுற்றி மறைப்புக் கட்டினேன். இனி எந்தக் காற்று வருகிறது பார்ப்போம்.

கோடியக்கரையும் இப்போது வேண்டாம். தனுஷ்கோடி. அவளுக்கு உட்கார்ந்தால் இடுப்பில் வலி, படுத்தால் மூச்சு முட்டுகிறது. சாய்ந்தே இருக்கிறாள்.

பிப்ரவரி 5, வியாழன்

நன்றாக இருந்தாள் இன்று. இட்லி கேட்டுச் சாப்பிட்டாள். வண்டியைக் கிட்டத்தில் பார்க்கவேண்டும் என்றாள். ஆவுடையப்பன் சக்கர நாற்காலியில் வைத்து மறைப்புக்குள் தள்ளிக்கொண்டு வந்தான். நான் அப்போதுதான் மூன்றாவது தடவையாகச் சுவரைத் துடைத்து முடித்திருந்தேன். பழைய துண்டுதான், புதிதாகக் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்து அலசியது. சுவர் பால் மாதிரி இருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே கையை நீட்டி அந்த இடத்தைத் தடவினாள்.

"நல்லா வழுவழுன்னு..."

"கை படக்கூடாது!" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஸ்கூலில் வாய் மூடி உட்கார்ந்த பிள்ளை மாதிரி இருந்தாள். நான் அவள் தொட்ட இடத்தை மட்டும் மறுபடி ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், ஏன் இப்படிக் கோவப்படுதிய? என் கையில தைலமா இருக்கு?" என்று, ஆவுடையப்பனைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டாள்.

"அதெல்லாம் இல்ல. வேலை நடக்கிற இடம்லா" என்றேன்.

பட்டியை ஒட்டியாகிவிட்டது.

பிப்ரவரி 7, சனி

காலையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது வடிவு சொன்னாள்:

"அத்தான், அந்தப் பெரிய குடை பரண்ல கெடக்குல்லா? ஆவுடை கல்யாணத்துக்கு வாங்குனது."

"ஆமா. அதுக்கென்ன?"

"அதப் புடிச்சுக்கிட்டுப் போயிருவமா? இன்னிக்கே. நீங்க வண்டி ஓட்டுங்க. அங்கன போய் எனக்குக் குடையப் புடிங்க. போதும் எனக்கு."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதிவிடுகிறேன். கடற்கரைக் காற்றில் குடை நிற்காது, மடங்கிக்கொள்ளும், ஒரு பொட்டு வெயில் பட்டால் தோல் கொப்புளித்துவிடும், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், பட்டி ஒட்டி இரண்டு நாள்தான் ஆகிறது, நாளை ஒரு நாள் பொறு, ஒரு வேலையைச் செய்தால் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்றேன். எல்லாம் நியாயமான பேச்சுதான்.

"சரி அத்தான்" என்றாள்.

காலைத் துடைத்துவிட்டேன். துண்டை வாளியில் போட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

விழுந்தது. மற்ற இடத்தைவிட அவள் தொட்ட இடம்தான் முதலில் பிரிந்ததா என்று உட்கார்ந்து பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. எல்லா இடமும் ஒரே மாதிரிதான் பிரிந்திருக்கிறது. ஆனாலும் ஆவுடையப்பனிடம், "உங்க அக்கா கை வச்சா, அதான்" என்று சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

"அத்தான், ஒண்ணு கேக்கேன். நீங்க நெசமாவே கிளம்பணும்னு நெனைக்கியளா?"

என்ன கேள்வி இது? டீசல் டாங்க் நிரம்பி நிற்கிறது. ஸ்டவ், தண்ணீர்க் கேன், அவளுடைய மருந்துப் பெட்டி, இரண்டு தலையணை எல்லாம் உள்ளே ஏற்றியாகிவிட்டது. கிளம்ப நினைக்காதவன் இதெல்லாம் செய்வானா? கண்டபடி திட்டிவிட்டேன். அவன் போய் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

கிளம்பினால் ஒரு நாள் திரும்பவும் வேண்டும். அதைப் பற்றி அவன் யோசித்திருக்க மாட்டான்.

பிப்ரவரி 13, வெள்ளி

தனுஷ்கோடி தூரம். மணப்பாடு போதும். பக்கத்தில்தான் இருக்கிறது. காலையில் போய் மாலையில் வந்துவிடலாம்.

டேப்பை மாற்றிவிட்டேன். வேறு கம்பெனி. பழைய டேப்தான் மட்டம்.

பிப்ரவரி 16, திங்கள்

தைலம் தேய்த்தேன். அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது. தூக்கம்.

பிப்ரவரி 18, புதன்

இன்று கண் விழித்திருந்த நேரத்தில் வடிவு, "தெரு முக்கு வரைக்கும் போயிட்டு வருவமா?" என்றாள். தெரு முக்கு! எங்கள் தெரு முனையில் ஒரு டிரான்ஸ்பார்மரும் ஒரு இஸ்திரி வண்டியும்தான் இருக்கின்றன. அதைப் பார்க்க எதற்கு வண்டி? சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மணப்பாட்டுக்கே போகிறோம் என்று சொல்லிவிட்டேன். கட்டாயம். நான்காவது தடவை ஒட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமையோடு பசை இறுகிவிடும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

போகவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையில் தைலம் தேய்க்க உட்கார்ந்தேன். கால் சில்லிட்டிருந்தது. சூடு வரட்டும் என்று தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஆவுடையப்பன் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

மார்ச் 11, புதன்

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ஆவுடையப்பன் கோடி வேட்டியும் துண்டும் கொண்டுவந்தான். வாங்கிக் கட்டிக்கொள்ளவேண்டும் என்றார்கள், கட்டிக்கொண்டேன். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். உலகம்மாள் வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டாள். இவளை வாய் என்று எழுதியிருக்கிறேன். இந்த வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டவள் இவள் ஒருத்திதான்.

வடிவு படுத்திருந்த மெத்தை, போர்வை, உடுத்திய சேலைகள், கால் துடைத்த துணி மூட்டை எல்லாவற்றையும் தகனத்துக்கு மறுநாளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்களாம். போடத்தான் வேண்டும் என்றார்கள். நான் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. வீட்டில் அந்த வாசம் போய்விட்டது.

வண்டி வாசலில் நிற்கிறது. பட்டி தரையில் கிடக்கிறது. நான்காவது தடவையும் விழுந்திருக்கிறது. எந்த நாள் என்று தெரியவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் யாரோ அதை ஓரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 13, வெள்ளி

செய்ய வேறு வேலை இல்லை. உப்புத்தாள் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அதே வரிசை. கழுவி, மெழுகு எடுத்து, உரசி, தண்ணீர் வீசிப் பார்த்தேன். மறைப்பு இல்லை, காற்று அடித்தது, உப்போடு. பொருட்படுத்தவில்லை. டேப்பும் அந்த மட்டமான பழைய டேப்தான், புதியது தீர்ந்துவிட்டது. கையுறையும் போடவில்லை. ஸ்பிரிட் வைத்துத் துடைக்கலாம் என்று துணியைத் தேடினால் வீட்டில் ஒரு பழைய துண்டுகூட இல்லை. கோடி வேட்டியைக் கிழித்தேன். புது வேட்டி கிழிகிற சத்தம் கேட்டு உலகம்மாள் ஓடிவந்தாள். பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கஞ்சி போக ஒரு தடவை அலசிக் காயவைத்துத் துடைத்தேன். ஒட்டினேன். பூரிக் கட்டையால் உருட்டினேன். ஏன் செய்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

விழவில்லை.

துணியைக் கோர்த்து இழுத்துக் கட்டினேன். விழவில்லை. இரண்டு கையாலும் பட்டியைப் பிடித்துத் தொங்கினேன். வண்டிதான் சாய்ந்து கொடுத்தது, பட்டி அசையவில்லை. சுவரில் பிறந்த மாதிரி நிற்கிறது. கதவுக்கு முன்னால் நல்ல நிழல். உலகம்மாள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அந்த நிழலில் போட்டாள். என்னை உட்காரச் சொல்கிறாள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. உட்காரவில்லை.

சாயங்காலம் ஜெரோம் துக்கம் விசாரிக்க வந்தார். அன்று ஊரில் இல்லையாம். பட்டியைப் பார்த்ததும் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"இந்தத் தடவ என்ன மாத்துனிய அண்ணாச்சி?"

"ஒண்ணும் மாத்தல."

"டேப்பு?"

"அதே பழையதுதான்."

"தொடச்ச துணி?"

அவர் அவர்பாட்டுக்கு யோசித்துக்கொண்டே சொன்னார்: "துணியாத்தான் இருக்கும். எண்ணெ பட்ட துணிய என்ன வெந்நியில போட்டாலும் எண்ணெ போகாது பாத்துக்கிடுங்க. காஞ்சா தெரியாது, மெத்துனு இருக்கும். ஸ்பிரிட்டத் தொட்டுத் தொடச்சா, உள்ள இருக்க எண்ணெயெல்லாம் சுவருக்கு வந்துரும். சுத்தம் பண்ணுதோம்னு நெனச்சுப் பூசிட்டு இருப்போம். எங்க பட்டறையிலயும் நடந்திருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "வீட்டுல எண்ணெ தேய்க்கிற துணி ஏதும் கலந்திருச்சோ?"

"எங்க வீட்ல யாரும் எண்ணெ தேய்க்கிறதில்ல" என்றேன்.

இன்றைக்கு அது உண்மைதான்.

மார்ச் 18, புதன்

அப்படியானால் வடிவின் கையில் ஒன்றும் இல்லை. அவள் தொட்டதால் ஒன்றும் ஆகவில்லை. ஒரு துண்டு போதும், ஒரு புதுத் துண்டு. ஜனவரியிலேயே ஒட்டியிருக்கும். கன்னியாகுமரியில் தொடங்கியிருப்போம். இல்லை, அதுவும் பொய். குடை பரணில்தான் இருந்தது. அது ஒட்டவும் வேண்டியதில்லை, காயவும் வேண்டியதில்லை. விரித்தால் போதும்.

ஆவுடையப்பன் வண்டியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டான். தெரியாது என்றேன். நிழல்துணியையாவது அவிழ்த்து வைக்கலாம், காற்றில் கிழிந்துவிடும் என்றான். துணியை அவிழ்த்தான். பட்டியைக் கழற்றப் பார்த்தான். முடியவில்லை. அது இனி வராது, விடு என்றேன்.

மார்ச் 19, வியாழன்

விடிந்ததும் எழுந்துவிட்டேன். பழக்கம். கட்டில் இருந்த இடத்துக்குப் போய், ஜன்னல் திண்டில் கையை வைத்தால் தைலப் புட்டி இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துப் போட்டவர்கள் இதை விட்டுவிட்டார்கள். கால்வாசி மிச்சம் இருந்தது.

உள்ளங்கையில் ஊற்றினேன். வழக்கம்போல இரண்டு கையையும் சேர்த்துச் சூடு வரும்வரை தேய்த்தேன். நன்றாகச் சூடு வந்தது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை.